பின் சீட்டில் உட்காரும் பெரியவர்களுக்கு

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பாடவேளை நேரம் எனக்காக ஒதுக்கிப் படியுங்கள்.

போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் புதுக் கார் வாங்கிப் படம் அனுப்பியிருந்தான். பையன் என்ன பையன், அவனுக்கே நாற்பது வயதாகிறது. திருக்கோகர்ணம் கோயில் வாசலில் வண்டிக்கு மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, குடும்பத்தோடு நின்றிருந்தான். பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. உள்ளே எடுத்த படங்களும் அனுப்பியிருந்தான். பின் சீட்டுக்குப் புதுக் கவர் போட்டிருந்தது. உற்றுப் பார்த்தேன். பெல்ட்டை மாட்டும் கொக்கியைக் காணோம்.

வாழ்த்துச் சொல்லிவிட்டு, "பின் சீட்டு பெல்ட் எங்கேப்பா?" என்று கேட்டேன்.

"இருக்கும் டீச்சர், கவருக்கு அடியில போயிருச்சு போல. பின்னாடி யாரு போடப் போறா? அம்மா அப்பாதான் உக்காருவாங்க" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அதே மாதிரி சிரித்துக்கொண்டே அதே வார்த்தையை நானும் ஒரு நாள் சொன்னவள். அதனால்தான் இந்தப் பதிவு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் ஒரு கல்யாணம். காலை முகூர்த்தம். இருட்டோடு புதுக்கோட்டையிலிருந்து கிளம்பினோம். என் தங்கை மகன் வண்டி ஓட்டினான். அவன் மனைவி முன்னால். தங்கையும் நானும் பின்னால். கிளம்பும்போது அவன் திரும்பிப் பார்த்து, "பெரியம்மா, பெல்ட் போட்டுக்கிறீங்களா?" என்று கேட்டான். "பின்னாடி எதுக்குப்பா? பட்டுச்சேலை கசங்கிரும். போலீஸ்காரர் பின்னாடியா எட்டிப் பார்க்கப் போறாரு?" என்றேன். தங்கையும் சிரித்தாள். அவன் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

கந்தர்வகோட்டை தாண்டி, விடிந்தும் விடியாத நேரம். ஒரு மாடு குறுக்கே வந்தது. அவன் பிரேக் அடித்து இடது பக்கம் ஒடித்தான். வண்டி சாலையோரப் புளியமரத்தில் மோதி நின்றது. அவன் அப்படி ஒன்றும் வேகமாகப் போகவில்லை. ஐம்பதுதான்.

முன்னால் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருந்தார்கள். ஏர்பேக்கும் விரிந்தது. அவனுக்கு நெஞ்சில் பெல்ட் அழுத்திய தடம், அவ்வளவுதான். எனக்கு நெற்றியில் ஏழு தையல். தங்கைக்குக் காரை எலும்பு முறிந்து, தோள்பட்டையும் போயிற்று. இன்றைக்கும் அவளால் கையைத் தூக்கித் தலை வார முடியாது, மருமகள்தான் வாரிவிடுகிறாள். அந்த மருமகளுக்குக் கழுத்தில் அடி. ஆறு வாரம் கழுத்துப்பட்டை போட்டிருந்தாள். அவள் பெல்ட் போட்டிருந்தும் எப்படி அடிபட்டது என்று டாக்டரிடம் கேட்டேன். "மரம் மோதி இல்லம்மா. பின்னாடி இருந்தவங்க வந்து சீட்டில் மோதியதில்தான்" என்றார்.

அன்றைக்குத் தங்கையின் பேத்தியும் எங்களோடு வர வேண்டியது. நாலு வயது. என் மடியில் உட்கார்ந்து வருவதாகப் பேச்சு. முதல் நாள் ராத்திரி காய்ச்சல் வந்ததால் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தோம். அந்தக் காய்ச்சலை நினைத்து நான் எத்தனை முறை கும்பிட்டிருக்கிறேன் தெரியுமா?

ஆஸ்பத்திரிக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் தங்கை மகனைத்தான் கடிந்துகொண்டார்கள். மெதுவாகப் போயிருக்கக் கூடாதா, தூங்கிவிட்டாயா என்று. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. "நான் கேட்டேன், பெரியம்மாதான் வேண்டாம் என்றார்கள்" என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் அன்றைக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

வீடு திரும்பிய பிறகு இந்தப் பெல்ட் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள், இன்ஜினியர் இல்லை. ஆனால் இதைப் புரிந்துகொள்ள ஐந்தாம் வகுப்பு அறிவியலே போதும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 50 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி சட்டென்று மோதி நின்றால், வண்டிதான் நிற்கும். உள்ளே இருப்பவர் அதே 50 கி.மீ. வேகத்தில் முன்னால் போய்க்கொண்டிருப்பார். மூன்று மாடிக் கட்டடத்து மொட்டை மாடியிலிருந்து, அதாவது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, கீழே விழுந்தால் என்ன வேகமோ அந்த வேகம் அது. மாடியில் கைப்பிடிச் சுவர் இல்லாவிட்டால் நாம் ஓரத்தில் போய் உட்காருவோமா? காரில் மட்டும் உட்காருகிறோம்.

மடியில் இருக்கும் குழந்தையின் கணக்கு இன்னும் மோசம். அந்த மோதலில் வண்டி பத்தில் ஒரு விநாடியில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 15 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 200 கிலோவுக்கு மேல் பலம் வேண்டும். மூன்று நெல் மூட்டையை ஒரே நேரத்தில் எந்தப் பாட்டியாலாவது பிடித்து நிறுத்த முடியுமா? "நான் கெட்டியாப் பிடிச்சுக்கிறேன்" என்பது பாசம். அந்தப் பாசத்துக்கு அவ்வளவு பலம் கிடையாது.

இனி வரலாறு.

விமானத்தில்தான் முதலில் பெல்ட் இருந்தது. காருக்கு அது தேவை என்று உலகத்துக்கு உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் ஜான் ஸ்டாப். அமெரிக்க விமானப் படையில் மருத்துவர். மனித உடம்பு எவ்வளவு அதிர்ச்சியைத் தாங்கும் என்று கண்டுபிடிக்க அவர் தன்னையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார். 1954 டிசம்பர் 10 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில், தண்டவாளத்தில் ஓடும் ராக்கெட் வண்டியில் தன்னை வார்களால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி மணிக்கு ஆயிரம் கி.மீ.க்கு மேல் பாய்ந்தது. பிறகு ஒன்றரை விநாடிகூட ஆகாமல் முழுசாக நின்றது. கண்ணில் ரத்தம் கட்டி, சிறிது நேரம் பார்வை தெரியவில்லை. ஆனால் பிழைத்தார். 1999-இல், 89-ஆம் வயதில்தான் காலமானார். உடம்பை ஒழுங்காகக் கட்டி வைத்தால் எப்பேர்ப்பட்ட மோதலையும் தாங்கலாம் என்று அவர் காட்டினார். விமான விபத்தைவிடக் கார் விபத்தில்தான் விமானப் படை அதிக விமானிகளை இழக்கிறது என்றும் எடுத்துச் சொல்லி, கார்களுக்குப் பெல்ட் வேண்டும் என்று பிரசாரம் செய்தார்.

அந்தக் காலத்தில் சில கார்களில் இருந்தது இடுப்புப் பட்டை மட்டும்தான். மோதும்போது உடம்பின் மேல்பாதி முன்னால் மடங்கும். பட்டை வயிற்றை அறுக்கும். இதற்கு வழி கண்டவர் சுவீடன் நாட்டு நீல்ஸ் போலின். ஆபத்தில் விமானியை விமானத்துக்கு வெளியே எறியும் இருக்கைகளை வடிவமைத்தவர் அவர். பிறகு வோல்வோ கார் கம்பெனிக்கு வந்தார். 1959-இல் தோளிலிருந்து நெஞ்சின் குறுக்காக வந்து, இடுப்பைச் சுற்றி, பக்கவாட்டில் ஒரே கொக்கியில் மாட்டும் பெல்ட்டைக் கொண்டுவந்தார். மூன்று இடத்தில் பிடிக்கும்; ஒரே கையால் மாட்டலாம். அடியின் பாரம் முழுவதும் உடம்பிலேயே உறுதியான இடங்களான இடுப்பெலும்பிலும் நெஞ்செலும்பிலும் இறங்கும். நாம் இன்றைக்குப் போடுகிற பெல்ட் அதேதான். அறுபது ஆண்டுக்கு மேலாகியும் அதைவிட எளிமையான ஒன்றை யாரும் கண்டுபிடிக்கவில்லை. வோல்வோ அதற்குக் காப்புரிமை வாங்கியது. ஆனாலும் எல்லாக் கம்பெனிகளும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. உயிர் காக்கிற பொருளை வைத்துக் காசு பண்ண வேண்டாம் என்று நினைத்தார்கள்.

பெல்ட் வந்துவிட்டது. ஆனால் மக்கள் போட்டார்களா? இல்லை. இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். ஒரு பொருளைக் கண்டுபிடித்துவிட்டால் போதாது, ஒருவர் அதைக் கையில் எடுத்து மாட்ட வேண்டும்.

எல்லாரும் கட்டாயம் மாட்டத்தான் வேண்டும் என்று உலகில் முதலில் சட்டம் போட்டது எந்த இடம் தெரியுமா? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1970 டிசம்பரில். அதன் தலைநகரம் மெல்பர்ன். நம் புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-இல் மாலி ஃபிங்க்கைக் கைப்பிடித்தாரே, அந்த மெல்பர்ன்தான். ராணியம்மாவின் பிறந்த ஊர்.

1970-இல் அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் சாலை விபத்தில் 1,061 பேர் இறந்தார்கள். சட்டம் வந்தபோது அங்கேயும் முணுமுணுப்பு இருந்தது. என் காரில் நான் எப்படி உட்கார வேண்டும் என்று அரசாங்கம் சொல்வதா என்று கேட்டார்கள். இன்றைக்கு அங்கே மக்கள்தொகையும் வண்டிகளும் மிகவும் பெருகிவிட்டன. ஆனாலும் சாவு ஆண்டுக்கு முந்நூறுக்கும் கீழே. பெல்ட் மட்டும் காரணம் இல்லை. குடித்துவிட்டு ஓட்டுவதற்கும் வேகத்துக்கும் எதிராகவும் கடுமையாக நடந்துகொண்டார்கள். ஆனால் தொடக்கம் பெல்ட்தான். பிரிட்டனில் முன் சீட்டுக்குக் கட்டாயமானது 1983-இல்தான்.

நம் நாட்டுக்கு வருவோம். நாம் சின்ன வயதில் பார்த்த அம்பாசிடரும் பியட்டும் நினைவிருக்கிறதா? முன்னால் நாலு பேர், பின்னால் ஆறு பேர், மடியில் குழந்தைகள். பெல்ட் என்ற பேச்சே கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் வந்து, 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1993-இல் விதியைத் திருத்திய பிறகுதான் புதுக் கார்களின் முன் சீட்டுக்குப் பெல்ட் வைத்தே ஆக வேண்டும் என்றானது. பின்னாளில் பின் சீட்டுக்கும் வந்தது. ஓட்டுபவரும் முன்னால் இருப்பவரும், முன்னோக்கிய பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்பதுதான் மத்திய மோட்டார் வாகன விதி. பின் சீட்டுக்கும் சட்டம் இருக்கிறது என்பது எனக்கே அடிபட்ட பிறகுதான் தெரியும். ஆண்டுதோறும் ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு வாரத்துக்குப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி உறுதிமொழி வாசிக்க வைத்தவள் நான்!

பெரிய மனிதர்கள் இரண்டு பேரின் சாவு நாட்டையே உலுக்கியது. 2014 மே 26 அன்று மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சராகப் பதவியேற்றவர் கோபிநாத் முண்டே. ஜூன் 3 காலை டெல்லியில் அவர் கார் மீது இன்னொரு கார் மோதியது. பின் சீட்டில் இருந்த அவர் இறந்துபோனார். பெல்ட் போட்டிருந்தால் பிழைத்திருக்கலாம் என்று அப்போதைய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தனே வருத்தப்பட்டுச் சொன்னார். அவரும் ஒரு டாக்டர்.

2022 செப்டம்பர் 4 அன்று டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி அகமதாபாத் பக்கமிருந்து மும்பைக்கு வந்துகொண்டிருந்தார். பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்துச் சுவரில் கார் மோதியது. காரில் நாலு பேர். முன்னால் இருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பின்னால் இருந்த இருவரும் இறந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் போடவில்லை என்று போலீஸ் சொன்னது. அது விலை உயர்ந்த ஜெர்மன் கார். பாதுகாப்புக்குப் பெயர் போனது. பெல்ட்டும் அதில் இருந்தது, மாட்டப்படாமல்.

அந்த 2022-ஆம் ஆண்டின் கணக்கை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்டது. நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நம் தமிழ்நாட்டில் மட்டும் 17,884. பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715. இதில் ஓட்டியவர்கள் 8,384 பேர், கூட உட்கார்ந்து வந்தவர்கள் 8,331 பேர். கடைசி இரண்டு எண்களையும் இன்னொரு தடவை பாருங்கள். ஏறத்தாழச் சரிபாதி. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஸ்டியரிங்கைத் தொடாதவர்கள். யாரோ ஓட்ட, நம்பி உட்கார்ந்து வந்தவர்கள்.

சரி, இது யார் பொறுப்பு? 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பெல்ட் போடாமல் ஓட்டுபவருக்கும், பெல்ட் போடாதவர்களை ஏற்றிக்கொண்டு ஓட்டுபவருக்கும் ஆயிரம் ரூபாய் அபராதம். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ போடாமல் ஓட்டினாலும் ஆயிரம் ரூபாய். அதாவது, நான் பெல்ட் போடாவிட்டால் சட்டம் என்னைக் கேட்காது. என் தங்கை மகனைத்தான் கேட்கும். வண்டியில் ஏறிய எல்லா உயிருக்கும் ஓட்டுகிறவனே பொறுப்பு.

சட்டம் சொல்வது சரிதான். ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? ஓட்டுகிறவன் பெரும்பாலும் வயதில் சின்னவன். மகன், மருமகன், தம்பி மகன். பின்னால் உட்காருபவர்கள் அம்மா, அப்பா, மாமனார், பெரியம்மா. மரியாதைக்குரியவர்களுக்குத்தான் நாம் பின் சீட்டைக் கொடுக்கிறோம். மாமனாரைப் பார்த்து "பெல்ட்டைப் போடுங்க, அப்பத்தான் வண்டியை எடுப்பேன்" என்று எந்த மருமகன் சொல்வான்? ஒரு தடவை கேட்பான். "இருக்கட்டும் மாப்ளே" என்றால் பேசாமல் கிளம்பிவிடுவான். பொறுப்பை அவன் தலையில் வைத்துவிட்டு, அதைச் செய்ய விடாமல் வாயைக் கட்டிவிடுகிறோம். அன்றைக்கு நான் செய்தது அதைத்தான். முப்பத்தைந்து வருடம் அத்தனை பிள்ளைகளைச் சொன்ன பேச்சுக் கேட்க வைத்தவள், ஒரு பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

இதை மாற்ற முடியாதா? முடியும் என்று நம் மாவட்டமே ஒரு முறை காட்டியிருக்கிறது.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். ராத்திரி நேரம் ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்தப் பெண் தொண்டர்கள் வேண்டும். போக வர என்ன செய்வது? அதனால் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். நானும் கற்றுக்கொண்டேன். அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. முதல் நாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறியபோது தெருவே வேடிக்கை பார்த்தது. "வாத்தியாரம்மா சைக்கிள் ஓட்டுதாம்" என்று கேலி பேசினார்கள். 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரத்துக்குள் சைக்கிளில் வந்தோம். அந்த மணிச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பல ஆயிரம் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்களும் வயல் வேலைக்குப் போனவர்களும் அதில் உண்டு. ஓரிரு வருடத்துக்குள் பெண் சைக்கிளில் போவதைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

என் வீட்டில் அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த என் மாமியார்தான் ஒரு நாள் சாயங்காலம், "இருட்டறதுக்குள்ள சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டு வா ஆத்தா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் தெருவில் யாரும் பேசவில்லை. பெரியவர்கள் ஒத்துக்கொண்டால் ஊர் ஒத்துக்கொள்ளும். பெல்ட் விஷயத்திலும் அதுதான் நடக்க வேண்டும்.

ஏனென்றால் சட்டத்தை ஏமாற்ற எத்தனையோ வழி இருக்கிறது. 2019 ஜூலை 1-க்குப் பிறகு வந்த கார்களில், முன் சீட்டில் பெல்ட் போடாவிட்டால் கீங் கீங் என்று ஒலி வரும். அந்த ஒலியை அடக்க, பெல்ட் இல்லாத வெறும் கொக்கியை மட்டும் விற்றார்கள். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணையக் கடைகளுக்கு உத்தரவு போட்டு, 13,118 விற்பனைப் பதிவுகளை நீக்க வைத்தது. யோசித்துப் பாருங்கள். உயிர் காக்கும் மணியை வாயடைக்கக் காசு கொடுத்துச் சாமான் வாங்கியிருக்கிறோம்.

இனி, வண்டி வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு நான் படித்ததையும் பட்டதையும் சேர்த்துச் சில குறிப்புகள்.

1. சீட் கவர் போட்டதும் பின் சீட்டுக் கொக்கிகள் எல்லாம் வெளியே இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். உள்ளே போயிருந்தால் கடைக்காரரிடமே வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

2. பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் இருக்கக் கூடாது. இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். கர்ப்பிணிகள் வயிற்றுக்குக் கீழே இறக்கிப் போட வேண்டும். மேல்பட்டை கழுத்தில் உரசாமல், தோளின் நடுவில் வர வேண்டும். கையிடுக்கு வழியாகவோ முதுகுக்குப் பின்னாலோ விடக் கூடாது. முறுக்கு இருந்தால் சரி செய்யுங்கள். சேலைக்காரர்களுக்கு: முதலில் கொசுவத்தைச் சரி செய்து உட்கார்ந்து, பிறகு மாட்டுங்கள். அப்படி ஒன்றும் கசங்காது.

3. பெல்ட்டை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மெதுவாக இழுத்தால் வர வேண்டும். பிள்ளைகளைச் செய்யச் சொன்னால் ஆசையாகச் செய்வார்கள். ஒரு முறை பெரிய விபத்தில் இறுகிய பெல்ட்டை மாற்றிவிட வேண்டும்.

4. ஏர்பேக் இருக்கிறதே, பெல்ட் எதற்கு என்று கேட்காதீர்கள். ஸ்டியரிங் மேல் எஸ்.ஆர்.எஸ். என்று எழுதியிருப்பதன் பொருளே துணைப் பாதுகாப்பு என்பதுதான். பெல்ட்டுக்குத் துணை. கண் இமைப்பதற்குள் அது வெடித்து விரியும். பெல்ட் இல்லாமல் முன்னால் சரிகிறவர் முகத்தில் அதுவே அடிக்கும். ஸ்டியரிங்குக்கும் நெஞ்சுக்கும் சுமார் 25 செ.மீ. இடைவெளியாவது வேண்டும். முன் சீட்டில் குழந்தையை மடியில் வைக்கவே கூடாது.

5. குழந்தைக்குப் பின் சீட்டுதான். வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்ற குழந்தை இருக்கை வாங்குங்கள். கைக்குழந்தைக்கு அது பின்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். விண்வெளி வீரர்கள் மல்லாந்து படுத்தபடி கிளம்புவதைப் பார்த்துத்தான் பெர்டில் ஆல்ட்மன் என்ற சுவீடன் பேராசிரியருக்கு 1960களில் அந்த யோசனை வந்தது. பெயர் சூட்டு விழாவுக்குத் தங்கக் காப்புப் போடுகிற பணத்தில் இதையும் வாங்கலாம்.

6. தலைக்குப் பின்னால் இருக்கும் மெத்தை துண்டு காயப் போட இல்லை. பின்னாலிருந்து யாராவது மோதினால் கழுத்து ஒடியாமல் காப்பது அது. தலையின் மேல்மட்டத்துக்கு உயர்த்தி வையுங்கள்.

7. தூக்கம் வந்தால் நிறுத்துங்கள். போனை ஓட்டும்போது தொடாதீர்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்; அவன் விபத்து செய்தால் 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கு மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. விபத்து நடந்தால் ஓடாதீர்கள். அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை. 108-ஐ அழையுங்கள். நம் மாநிலத்தில் முதல் 48 மணி நேரத்துக்கு இலவசச் சிகிச்சைத் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் வயதுக்காரர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அண்ணன்மாரே, மதினிமாரே, சம்பந்தி வீட்டாரே, அடுத்த தடவை காரில் ஏறும்போது பிள்ளைகள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். நாமே முதலில் பெல்ட்டை இழுத்து மாட்டுவோம். கொக்கி கிடைக்காவிட்டால் "எங்கேப்பா கொக்கி?" என்று சத்தமாகக் கேட்போம். நாம் போட்டுவிட்டால் பேரப்பிள்ளைகள் தானாகப் போடுவார்கள். ஓட்டுகிற பிள்ளைக்கும் பாதிப் பாரம் குறையும்.

இப்போது என் தங்கை மகன் வண்டியில் ஏறினால், அவன் சாவி போடுவதற்குள் நான் மாட்டிவிடுவேன். கொக்கி விழும் சத்தம் கேட்டதும் அவன் கண்ணாடியில் என்னைப் பார்ப்பான். ஒன்றும் சொல்ல மாட்டான். தங்கைக்குத்தான் இன்னும் அந்தக் கை எட்டாது. நான் மாட்டிவிடுகிறேன்.

புதுக் கார் வாங்கிய நம் பையன் நேற்று இன்னொரு படம் அனுப்பினான். அவன் அம்மா பின் சீட்டில் பெல்ட் போட்டு, கொஞ்சம் வெட்கத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். "கவரை வெட்டி எடுத்துட்டேன் டீச்சர்" என்று எழுதியிருந்தான். நூற்றுக்கு நூறு போட்டேன்.

எல்லாரும் நல்லபடியாகப் போய், நல்லபடியாக வீடு வந்து சேருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்